ஆய்வு சொல்வதை எப்படிப் படிப்பது? டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பனில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை சாட்ஸ்வர்த்தில் கூடுகிறது. செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஆராய்ச்சிச் செய்திகளைப் பற்றி அன்பர்கள் சென்ற இரண்டு கூட்டங்களில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவப் புள்ளியியல் கற்பித்தவள், மருத்துவர் அல்லள். உங்கள் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஓர் ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதை என்னிடம் கேளுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வர்த், ஓய்வுபெற்ற ஆசிரியர்): அம்மா, ஒரு மாதம் முட்டை நல்லது என்கிறார்கள், மறுமாதம் கெட்டது என்கிறார்கள். இதில் எதை நம்புவது?

பதில்: ஐயா, செய்தியைப் படித்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "யாரோடு ஒப்பிட்டார்கள்?" என்பதுதான். முட்டை உண்பவர்களையும் உண்ணாதவர்களையும் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு, ஒரு கூட்டத்தாருக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது என்று எழுதினால், அந்த இரு கூட்டத்தாரும் முட்டையில் மட்டுமா வேறுபட்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். வருமானம், புகைபிடித்தல், உடலுழைப்பு, உடன் உண்ட மற்ற உணவு எல்லாமே வேறாக இருந்திருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அது முடிந்துவிடக் கூடும்.

இதற்கு மருத்துவ உலகம் மறக்கவே கூடாத ஒரு பாடம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதய நோய் குறைகிறது என்று பெரிய கவனிப்பு ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தன. மருத்துவர்களும் அவ்வாறே எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரையும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியது. 2002 ஜூலையில் அந்த ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். முந்தைய ஆய்வுகளில் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உள்ளவர்கள். அவர்களுடைய இதயத்தைக் காத்ததில் மாத்திரையை விட அந்த வாழ்க்கைக்கே பங்கு அதிகம். மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்கும் இளைய பெண்களுக்குக் கணக்கு வேறு என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆகவே 2002இன் முடிவையும் எல்லா வயதினருக்கும் அப்படியே நீட்டக் கூடாது. முட்டையைப் பற்றி இப்படியொரு பெரிய, நெடுங்காலக் குலுக்கல் ஆய்வு நடத்துவது மிகக் கடினம். அதனால்தான் அந்தச் செய்தி மாதந்தோறும் புரண்டு படுக்கிறது.

கேள்வி (ஃபீனிக்ஸ், செவிலியர்): எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஆண்டுக்கு இரண்டு ஊசி போதும், ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்கிறார்களே. "ஒருவருக்குக்கூட" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனெனில் இது நம் மண்ணில், நம் பெண்பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு. மருந்தின் பெயர் லெனாகபவிர். எச்.ஐ.வி. கிருமி தன் மரபுப்பொருளை ஒரு புரதக் கூட்டுக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. அந்தக் கூடு உரிய நேரத்தில் உருவாவதையும் உரிய இடத்தில் திறப்பதையும் இந்த மருந்து குலைக்கிறது. தோலுக்கடியில் போட்டால் மெல்ல மெல்லக் கரைந்து ஆறு மாதம் வரை உடலில் நிற்கிறது.

பர்பஸ்-1 என்ற அந்த ஆய்வு தென்னாப்பிரிக்காவில் 25 இடங்களிலும் உகாண்டாவில் 3 இடங்களிலும், 16 முதல் 25 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்தது. லெனாகபவிர் ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. தினசரி மாத்திரை பெற்ற இரண்டு குழுக்களில், ஒன்றில் 2,136 பேருக்கு 39 தொற்றுகளும், மற்றொன்றில் 1,068 பேருக்கு 16 தொற்றுகளும் ஏற்பட்டன. 2024 ஜூலையில் மியூனிக்கில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் கேப் டவுனின் லிண்டா-கெயில் பெக்கர் இந்த முடிவுகளை வாசித்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது.

இப்போது உங்கள் கேள்வி. பூச்சியம் என்பது அந்த 2,134 பேரிடம் கண்ட எண்ணிக்கை. ஊசி போட்டுக்கொள்ளும் எல்லாப் பெண்களிடமும் உண்மை விகிதம் என்னவாக இருக்கலாம் என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு நூறு பேருக்குப் பூச்சியத்திலிருந்து 0.19 வரை என்று வருகிறது. அதாவது ஆயிரம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் அதிகபட்சம் இரண்டு தொற்றுகள் வரை இருக்கக் கூடும். அப்படிப் பார்த்தாலும் வியக்கத்தக்க பாதுகாப்புதான். ஊசியோ மாத்திரையோ எதுவும் இல்லாதிருந்தால் அதே பகுதிகளில் ஆண்டுக்கு நூறு பேரில் 2.41 பேருக்குத் தொற்று வந்திருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள்.

மாத்திரைக் குழுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து "மாத்திரை பயனற்றது" என்று யாராவது சொன்னால், அது தவறு என்று உடனே திருத்துங்கள். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டவர்களை அது நன்றாகவே காக்கிறது. ஆனால் பெரும்பாலான பெண்களால் அன்றாடம் உட்கொள்ள முடியவில்லை என்பதை ஆய்வில் எடுத்த இரத்த மாதிரிகளே காட்டின. மாத்திரைப் புட்டியைத் தாயோ காதலனோ பார்த்துவிட்டால் வீட்டில் என்ன கேள்வி வரும் என்பதை ஃபீனிக்ஸில் பணிபுரியும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதே பாடத்தை நம் டர்பன் ஏற்கெனவே கற்றிருக்கிறது. இங்குள்ள கப்ரிசா எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தில் குவராய்ஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதியர் தலைமையில் 889 பெண்களிடம் நடந்த, டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த களிம்பின் ஆய்வு, தொற்று 39% குறைந்ததாக 2010இல் அறிவித்தது. பெண்கள் தாமே கையாளக்கூடிய ஒரு காப்பு மருந்து இருக்க முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டியது அதுதான். ஆனால் 2015இல் வந்த, அதைவிடப் பெரிய, நம் நாட்டிலேயே நடந்த மற்றோர் ஆய்வில் அதே களிம்பு பயன் தரவில்லை. பெண்களால் சொன்னபடி பயன்படுத்த முடியாமற்போனதே காரணம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மருந்து, வீட்டுச் சூழலில் வேலை செய்ய வேண்டுமானால், அந்த வீட்டை அறிந்து வடிவமைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலிமை பெற்றது.

கேள்வி (டோங்காட், மாணவர்): அக்கிக்குப் போடும் தடுப்பூசி மறதி நோயைத் தடுக்கிறது என்று படித்தேன். குலுக்கல் ஆய்வு இல்லாமலே இதை எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: தம்பி, எனக்கு மிகவும் பிடித்த அண்மைக்கால ஆய்வு இது. பொருளியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ஓர் உத்தியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பரில் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் தகுதி இல்லை என்றும், அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குத் தகுதி உண்டு என்றும் விதி வைத்தார்கள். கோட்டுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவர்களிடையே ஊசி போட்டவர்கள் 0.01%, ஒரு வாரம் பின்னால் பிறந்தவர்களிடையே 47.2%. ஒரு வார இடைவெளியில் பிறந்த இரு கூட்டத்தார் உணவிலோ கல்வியிலோ உடற்பயிற்சியிலோ வேறுபட்டிருக்கக் காரணம் எதுவுமில்லை. நாட்காட்டியே குலுக்கல் சீட்டாகிவிட்டது. ஏழு ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புதிதாக மறதி நோய் கண்டறியப்படுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழுவினர் 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள்.

ஒரு கவனம் தேவை. அப்போது போடப்பட்டது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த பழைய ஊசி. இப்போது பல நாடுகளில் அதன் இடத்தை வேறு வகை ஊசி பிடித்துவிட்டது. பலன் எதனால் வந்தது, அக்கிக் கிருமி மூளைக்குச் செய்யும் தீங்கை ஊசி தடுப்பதாலா, ஊசி பொதுவாக நோயெதிர்ப்பைத் தூண்டுவதாலா என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

இதே உத்தி நம் மாகாணத்திலேயே உயிர்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை தந்திருக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். குவாசூலு-நட்டாலின் வடக்கே ஹ்லபிசா வட்டாரத்தில், எச்.ஐ.வி. உள்ளவரின் சிடி4 அணுக்கள் (எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள்) 200க்குக் கீழே இருந்தால்தான் மருந்து தொடங்கலாம் என்று அக்காலத்தில் விதி இருந்தது. 195 என்று வந்தவருக்கும் 205 என்று வந்தவருக்கும் உடல்நிலையில் பெரிய வேறுபாடில்லை. அந்த இரத்தப் பரிசோதனையே அந்த அளவு முன்பின் காட்டக் கூடியது. ஆனால் ஒருவருக்கு உடனே மருந்து கிடைத்தது, மற்றவர் காத்திருந்தார். ஜேக்கப் போர் என்பவரும் அவருடைய சகாக்களும் இரு சாராரையும் ஒப்பிட்டபோது, கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களின் இறப்பு அபாயம் 35% குறைவாக இருந்தது. கோட்டுக்கு மேலே நின்று காத்திருந்தவர்களை நினைத்து எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர்கள் கொடுத்த சான்று பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

கேள்வி (வெருலம், முதியவர்): நான் பேரப்பிள்ளைகளோடு வாழும் ஆயா. நாங்கள் வாங்கும் முதியோர் உதவித்தொகையைப் பற்றிப் பொருளாதார ஆராய்ச்சி ஏதாவது சொல்லியிருக்கிறதா?

பதில்: ஆயா, சொல்லியிருக்கிறது, உங்களைப் போன்றவர்களைப் பற்றியே சொல்லியிருக்கிறது. நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1990களின் தொடக்கத்தில், கறுப்பின முதியோருக்கும் மற்றவர்களுக்கு நிகரான உதவித்தொகை கிடைக்கத் தொடங்கியது. அப்போது பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் அது கிடைத்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோ, 1993இல் நாடு முழுதும் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பை வைத்து, அந்தப் பணம் வந்த வீடுகளில் இருந்த குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் ஆராய்ந்தார். உதவித்தொகை பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பெண் குழந்தைகளின் வளர்ச்சி நன்றாகத் தேறியிருந்தது. தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை.

உயரத்தை ஏன் அளந்தார் என்பது முக்கியம். எடை சில வாரங்களில் ஏறி இறங்கும். உயரம் குழந்தைப் பருவம் முழுவதும் உண்ட உணவின் பதிவு. உதவித்தொகை உயர்வதற்கு முன்பே வளர்ந்துவிட்ட பெரிய குழந்தைகளையும், உயர்ந்த பின் பிறந்த சிறு குழந்தைகளையும் ஒரே வகை வீடுகளில் ஒப்பிட்டதால், "பாட்டி இருக்கும் வீடு இயல்பாகவே நல்ல வீடு" என்ற மறுப்புக்கு இடமில்லாமற் போயிற்று. தாத்தாக்கள் எல்லோரும் பொறுப்பற்றவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரே தொகை யார் கையில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் பலன் மாறுகிறது என்பதே இதன் பொருள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், கடைக்காரர்): கென்யாவில் எம்-பெசா வறுமையைக் குறைத்தது என்கிறார்கள். அதே எம்-பெசா இங்கே மூடப்பட்டதே?

பதில்: இரண்டும் உண்மை. கென்யாவில் 2007இல் தொடங்கிய இந்தக் கைப்பேசிப் பணச் சேவையை ஆராய்ந்த டவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும், வீட்டுக்கு அருகே பணம் மாற்றித் தரும் முகவர்கள் பெருகிய இடங்களையும் பெருகாத இடங்களையும் ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2%, கடும் வறுமையிலிருந்து மீண்டன என்று 2016இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பயன் அதிகம் பெற்றவை பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள். பலர் சொந்தப் பயிரை மட்டும் நம்பியிருந்த நிலையை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு வந்தார்கள். நோய், வேலையிழப்பு போன்ற அடி விழும்போது தொலைவிலிருக்கும் உறவினர் உடனே பணம் அனுப்ப முடிந்ததால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டி வரவில்லை என்பது அவர்களுடைய முந்தைய ஆய்வின் முடிவு.

இங்கே 2010இல் வந்த அதே சேவை 2016இல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் அப்போதே பெரும்பான்மையோரிடம் வங்கிக் கணக்கு இருந்தது. பல்பொருள் அங்காடியின் பணம் செலுத்தும் இடத்திலேயே ஈஸ்டர்ன் கேப்பில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப முடிந்தது. கென்யாவில் எம்-பெசாவுக்கு மாற்றாக இருந்தது பேருந்து ஓட்டுநரிடம் உறையில் கொடுத்தனுப்பும் பணம். இங்கே மாற்று அதைவிட மேலானது. மீண்டும் அதே கேள்விதான்: எதனோடு ஒப்பிடுகிறோம்?

கேள்வி (இசிபிங்கோ): மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் "உங்கள் நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருக்கிறது" என்று எச்சரித்தது. எனக்கு வயது 67. பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் பாயும்போது திரும்பும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களில் 2,161 பேருக்கு, அதாவது 0.52% பேருக்கு மட்டுமே எச்சரிக்கை வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே அது 3.1%. எச்சரிக்கை வந்தவர்களில், மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34% பேருக்கு உண்மையாகவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு பதிவாயிற்று. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் இந்தத் துடிப்பு வந்து வந்து போகும். பட்டை அணிந்ததோ எச்சரிக்கைக்குச் சில நாள்கள் கழித்து. உங்கள் வயதில் இது பக்கவாதத்துக்கு வழிவகுக்கக் கூடியது என்பதால் முறையான ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. கடிகாரம் அணிந்தால் பக்கவாதம் குறைகிறதா என்பதை அது ஆராயவில்லை.

கேள்வி (சாட்ஸ்வர்த்): விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருத்த தோலில் தவறாகக் காட்டும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. இதைச் சொல்லும்போது என் தம்பியின் நினைவு வருகிறது. 2021 ஜூலையில் கோவிட் அலையின்போது அவனுக்குக் கருவி 94 என்று காட்டியது. "எண் நன்றாக இருக்கிறது" என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். மூச்சு வாங்குகிறது என்று அவன் சொன்னதை எண்ணுக்குக் கீழே வைத்தார்கள். மறுநாள் வேறிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. பிழைத்துக்கொண்டான்.

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 2020 டிசம்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜோடிங் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி இரத்தத்தை நேரடியாகச் சோதித்தால், கறுப்பின நோயாளிகளில் 11.7% பேருக்கு உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் 3.6%. கருவி விரலுக்குள் செலுத்தும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோலின் மெலனின் உறிஞ்சுகிறது. வெளிர்ந்த தோலை வைத்துத் திருத்தியமைத்த கணக்கு நம் தோலில் பிசகுகிறது. நம் கைக்கு வரும் ஒரு கருவியை யாருடைய உடலில் சோதித்தார்கள் என்று கேட்பது வீண் சந்தேகம் அன்று. வீட்டில் இக்கருவியை வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு எண்ணை நம்பாமல், அதே விரலில் எண் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் எண் எதுவானாலும் போய்க் காட்டுங்கள்.

கேள்வி (லெனேசியா): நான் ஒல்லியாகத்தான் இருக்கிறேன். எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?

பதில்: 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயின் யாக்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு, ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1%, யாக்னிக் உடலில் 21.2%. பார்வைக்கு மெலிந்த இந்திய உடல் தசையைக் குறைவாகவும் கொழுப்பை வயிற்றைச் சுற்றி அதிகமாகவும் வைத்திருக்கிறது என்பதை அந்த ஒரு பக்கம் எடுத்துச் சொன்னதைப் போல் நூறு பக்கக் கட்டுரையும் சொன்னதில்லை. அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள், ஆசிய மக்களுக்குப் பி.எம்.ஐ. 23இலிருந்தே கவனம் தேவை என்று எழுதினார்கள். டர்பன் இந்தியர்களிடம் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, வயதைச் சரிசெய்த பின் 13% பேருக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டது; ஆகவே நீங்கள் தனியாக இல்லை.

பிரிட்டனில் 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், சில மாதங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் உண்டு எடை குறைத்தவர்களில் 46% பேர் ஓராண்டின் முடிவில் மருந்தின்றிச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 4%. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் உடல் பருத்த வெள்ளையர்கள். உங்களைப் போன்ற மெலிந்தவர் அந்தப் பட்டினியைத் தாமாகத் தொடங்கக் கூடாது. இடுப்புச் சுற்றளவை அளந்துகொண்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி (லெனேசியா, அதே அன்பர்): மஞ்சள் மாத்திரை உதவுமா?

பதில்: மஞ்சளிலுள்ள குர்குமின் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்திருந்தும், 2017இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்த வேதியியலாளர்கள், போலி மருந்தோடு முறையாக ஒப்பிட்ட எதிலும் தெளிவான வெற்றி இல்லை என்று எழுதினார்கள். அது குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே அரிது. ஆய்வுக்கூடத்துச் சோதனைகளில் பலவற்றோடு ஒட்டிக்கொண்டு பொய்யான நம்பிக்கையும் தருகிறது. குழம்பில் போடுங்கள், மாத்திரைக்குப் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (டர்பன், கல்லூரி மாணவி): கைப்பேசியில் நான் தமிழில் தட்டச்சு செய்வதைப் பார்த்து விசைப்பலகை கற்றுக்கொள்கிறதே, என் கடிதங்கள் எல்லாம் எங்கோ போகின்றனவா?

பதில்: இதற்காகவே ஓர் ஆய்வுத்துறை வளர்ந்திருக்கிறது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் பரவலாக அறிமுகப்படுத்திய கூட்டுக் கற்றல் முறையில், கைப்பேசி சும்மா கிடந்து மின்னூட்டம் ஏறும் நேரத்தில் தனக்குள்ளேயே கற்றுக்கொண்டு, கற்றதன் சுருக்கமான எண்களை மட்டும் அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான கைப்பேசிகளின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, அடுத்த சொல்லை ஊகிக்கும் பொது மாதிரியைத் திருத்துகிறார்கள். கடிதம் கைப்பேசியை விட்டு வெளியேறுவதில்லை. ஆனால் அந்த எண்களிலிருந்தே சில சமயம் மூலச் சொற்களை ஊகிக்க முடியும் என்று வேறு ஆய்வாளர்கள் காட்டியதால், வேண்டுமென்றே சிறிது இரைச்சலை, அதாவது தற்செயலான எண்களைக் கலக்கும் முறையும் சேர்ந்தது. 2006இல் சிந்தியா டுவர்க்கும் மற்றவர்களும் அதற்கான கணிதத்தை வகுத்தார்கள். இரைச்சல் கூடினால் இரகசியம் காக்கப்படும், கற்றல் குறையும். தமிழில் எழுதுவோர் குறைவாக உள்ள நம்மைப் போன்ற இடங்களில் இந்த இழப்பு கூடுதலாக உறைக்கும் என்பது என் எண்ணம். எல்லாச் செயலிகளும் இம்முறையைப் பின்பற்றுவதாக எண்ண வேண்டாம். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தாயார்): என் மகனை ஒரு காசநோய்த் தடுப்பூசி ஆய்வில் சேர அழைக்கிறார்கள். அனுப்பலாமா? "சோதனை எலி" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது; இந்த நாட்டில் ஏழைகளின் உடலை அவர்கள் விருப்பம் கேளாமல் பயன்படுத்திய வரலாறு இருக்கிறது. அதனால்தான் இன்று ஒவ்வோர் ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும்.

தேவையையும் எண்ணிப் பாருங்கள். நம்மிடம் உள்ள பி.சி.ஜி. ஊசி முதன்முதல் போடப்பட்டது 1921இல். அது குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலைக் காப்பதில் அதை நம்ப முடிவதில்லை. எம்72 என்ற புதிய ஊசி, தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியா ஆகிய நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டபோது, மூன்றாண்டுகளில் நோயைப் பாதியாகக் குறைத்தது. அதன் இறுதிக்கட்டப் பெரிய ஆய்வு 2024 மார்ச்சில் நம் நாட்டில்தான் தொடங்கியது. யாராவது சேர்ந்ததால்தான் அந்த அளவுக்கு வந்தது.

உங்கள் மகனை எந்த ஆய்வுக்கு அழைத்தாலும் கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுக்கிறார்கள்? ஊசியால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? இடையில் விலகினால் வழக்கமான கவனிப்பு தொடருமா? ஆய்வு வெற்றி பெற்றால் போலி ஊசி பெற்றவர்களுக்குப் பிறகு உண்மையான ஊசி கிடைக்குமா? படிவத்தை அங்கேயே நிரப்பித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து படிக்க அவனுக்கு உரிமை உண்டு. ஆங்கிலப் படிவம் உங்களுக்குச் சிரமமாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறேன். கையெழுத்தை அதற்குப் பிறகு அவனே முடிவு செய்யட்டும்.